சென்னையில் 12 மாடிக் கட்டடத்தின் மேல் 5 கிலோவாட் காற்றாலை: சங்கத்துக்கு வந்த விலைப்புள்ளியைப் பார்த்துச் சொல்லுங்கள்

சங்கச்செயலர்_ஓஎம்ஆர்:

வணக்கம். எங்கள் குடியிருப்பு பழைய மகாபலிபுரம் சாலையில், கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே. 12 மாடி, மொட்டை மாடி தரையிலிருந்து 40 மீட்டர். கட்டடம் வடக்கு தெற்காக 38 மீட்டர் நீளம், கிழக்கு மேற்காக 20 மீட்டர் அகலம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பொது விளக்குகள் எல்லாம் சேர்ந்து மாதம் 6,000 யூனிட் ஓடுகிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம்.

ஒரு விற்பனையாளர் செங்குத்து அச்சுக் காற்றாலை ஒன்றுக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். அதில் உள்ளவை அப்படியே: திறன் 5 கிலோவாட் (11 மீ/வி காற்றில்). சுழலி விட்டம் 3 மீட்டர், உயரம் 4 மீட்டர், மூன்று இறக்கை. 6 மீட்டர் கம்பம். மொத்த எடை 650 கிலோ. 2 மீ/வி காற்றிலேயே சுற்றத் தொடங்கும். "காற்று வரைபடப்படி உங்கள் இடத்தின் சராசரி 5.5 மீ/வி, ஆண்டுக்கு 9,000 யூனிட் வரும்." விலை 6.5 லட்சம், நிறுவுவதோடு சேர்த்து.

மொட்டை மாடியில் மாலை நேரம் நிற்க முடியாத அளவுக்குக் காற்று அடிப்பதால் சங்கத்தில் பலருக்கு இதில் ஆசை. கேள்வி மூன்று. 9,000 யூனிட் நிஜமா? தளம் தாங்குமா? புயல் வந்தால் என்ன ஆகும்?

காற்றுக்கணக்கு:

முதலில் பெயர்ப்பலகையில் இருக்கும் 5 கிலோவாட்டையே சோதிப்போம். இதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: காற்றில் இருக்கும் திறன் = ½ × காற்றின் அடர்த்தி × சுழலி மறைக்கும் பரப்பு × வேகத்தின் மும்மடி.

நம் ஊர் வெப்பத்தில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ என்று வையுங்கள். பரப்பு 3 × 4 = 12 சதுர மீட்டர். 11 மீ/வி வேகத்தின் மும்மடி 1,331. பெருக்கினால் சுமார் 9,260 வாட். அந்தப் பரப்பின் வழியே போகும் காற்றில் உள்ள மொத்தமே அவ்வளவுதான். அதில் எந்தக் காற்றாலையாலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. இது பெட்ஸ் வரம்பு, இயற்பியல் விதி. இவர் சொல்கிற 5,000 வாட் என்பது 54 விழுக்காடு. கடலில் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளே 45 முதல் 50க்குள்தான் ஓடுகின்றன. நன்றாக வடிவமைத்த சிறிய டேரியஸ் வகை (விமான இறக்கை போன்ற மெல்லிய இறக்கைகள் கொண்டது) 30 தொட்டால் நல்ல இயந்திரம். பீப்பாயைப் பிளந்தது போல இருக்கும் சவோனியஸ் வகை என்றால் 15 முதல் 20. ஆக, 11 மீ/வி காற்றிலும் இது 2.8 கிலோவாட் பக்கம்தான் கொடுக்கும்.

அடுத்து 5.5 மீ/வி. எந்த உயரத்துக்கான எண் என்று கேளுங்கள். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடங்கள் பெரிய காற்றாலைகளுக்காகப் போட்டவை. 100, 120, 150 மீட்டர் உயரத்துக்கான எண்கள். அது 100 மீட்டருக்கானது என்றால், கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் (உயரத்தோடு வேகம் எப்படிக் கூடும் என்பதற்கான அடுக்குக்குறி 0.35 வைத்து) சுழலியின் நடுப்பகுதி நிற்கும் 48 மீட்டருக்கு இறக்கினால் 4.3 மீ/வி ஆகிவிடும். வேகம் கால் பங்குக்குள்தான் குறைகிறது. ஆனால் மும்மடி என்பதால் ஆற்றல் 46 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. சுற்றிலும் வீடுகள் இருக்கும்போது காற்றுக்குத் 'தரை' என்பதே கூரை மட்டத்துக்கு அருகில் ஏறிவிடும். அதனால் 3.5 மீ/வி என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு.

காற்று ஒரே வேகத்தில் அடிப்பதில்லை, ஏறி இறங்கும். அதைச் சேர்க்க சராசரியின் மும்மடியை 1.91ஆல் பெருக்க வேண்டும் (ராலே பரவல்). இன்வர்ட்டர், ஜெனரேட்டர் இழப்பெல்லாம் போக மொத்தத் திறமை 20 விழுக்காடு:

3.5 மீ/வி என்றால் ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட்.
4 மீ/வி என்றால் 1,500.
அவர் சொல்லும் 5.5 மீ/வி அப்படியே கிடைத்தாலும் 3,900.

9,000 எங்கிருந்தும் வராது. 1,000 யூனிட் என்பது உங்கள் ஆண்டுச் செலவான 72,000 யூனிட்டில் 1.4 விழுக்காடு. பணமாக 8,500 ரூபாய். 6.5 லட்சத்தை இதால் வகுத்துப் பாருங்கள், 76 ஆண்டு வருகிறது. அதற்குள் பேரிங் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும், அதை நான் சேர்க்கவே இல்லை.

"2 மீ/வி காற்றிலேயே சுற்றும்" என்பதும் விற்பனைப் பேச்சு. சுற்றுவது வேறு, மின்சாரம் தருவது வேறு. 2 மீ/வி காற்றில் அந்த 12 சதுர மீட்டரில் மொத்தம் 56 வாட்தான் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒன்று, 11 வாட். சும்மா விழித்துக்கொண்டிருக்கும் இன்வர்ட்டரே அதைத் தின்றுவிடும்.

கூரைக்காற்று:

மேலே போட்ட கணக்குகூட கூரைக்கு மேல் தடையில்லாத காற்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. 6 மீட்டர் கம்பத்தில் அது கிடைக்காது.

கடற்காற்று உங்கள் கட்டடத்தின் 38 மீட்டர் நீளமுள்ள கிழக்குச் சுவரில் மோதுகிறது. மோதிய காற்று கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது மேல்நோக்கித் தெறித்து எழும். அந்த எழுச்சிக்குக் கீழே, மொட்டை மாடியை ஒட்டி, சுழன்று கலங்கும் ஒரு பகுதி உருவாகும். அதற்குள் காற்று சில நேரம் எதிர்த்திசையிலேயே அடிக்கும். நீங்கள் மாலையில் உணரும் "நிற்க முடியாத காற்று" பெரும்பாலும் இந்தக் கலக்கமும், மூலைகளில் பிதுங்கி வரும் காற்றும்தான். உடம்புக்குப் பலமாகத் தெரியும். காற்றாலைக்கு உதவாது.

அந்தப் பகுதி எவ்வளவு உயரம்? கூரைப் புகைபோக்கிகளுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது. காற்றை எதிர்கொள்ளும் முகத்தின் சிறிய அளவை 0.67 அடுக்குக்கும் பெரிய அளவை 0.33 அடுக்குக்கும் உயர்த்திப் பெருக்க வேண்டும். உங்களுக்கு 38, 40. விடை சுமார் 38.6. இதில் 0.22 பங்கு கலங்கல் பகுதியின் உச்ச உயரம்: 8.5 மீட்டர். விளிம்பிலிருந்து 19 மீட்டர் உள்ளே அந்த உச்சம் வரும். காற்று மறுபடி தளத்தில் வந்து ஒட்ட 35 மீட்டர் வேண்டும். உங்கள் கூரையோ 20 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதாவது ஒட்டவே ஒட்டாது, அப்படியே மேற்குப் பக்கம் கொட்டும்.

உங்கள் சுழலி தளத்துக்கு மேல் 6 முதல் 10 மீட்டருக்குள் நிற்கும். நடுக்கூரையில் வைத்தால் கலங்கலின் மேல் எல்லையிலேயே சிக்கும். அடிப்பாதி கலங்கலில், மேல்பாதி வேகக்காற்றில். இறக்கைகளுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. லிஃப்ட் ரூம், மேல்நிலைத் தொட்டியெல்லாம் கிழக்குப் பக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

பணம் செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி. 9 மீட்டர் அலுமினியக் குழாய் அல்லது நல்ல சவுக்குக் கம்பில் மீட்டருக்கு ஒன்றாக முக்கால் மீட்டர் நீளப் பட்டு ரிப்பன் கட்டுங்கள். மூன்று பக்கம் கயிறு கட்டி நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவருக்கு ஓரமாக வேண்டாம், உள்ளே தள்ளி. மதியம் மூன்று மணிக் கடற்காற்றில் கீழிருந்து பாருங்கள். கீழ் ரிப்பன்கள் முறுக்கிக்கொண்டு கடல் பக்கமே திரும்பி ஆடும். அதற்கு மேல் சில ரிப்பன்கள் சாய்வாக மேல்நோக்கித் துடிக்கும். எந்த உயரத்தில் ரிப்பன் படுக்கையாக, அமைதியாக நீள்கிறதோ, அதற்கு மேல்தான் சுழலியின் அடிமுனை இருக்க வேண்டும். ஒன்பதாவது மீட்டரிலும் அப்படி ஒன்று தெரியவில்லை என்றால் 6 மீட்டர் கம்பத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அச்சு_செங்குத்து:

கூரைக்காற்று சொன்னதோடு ஒரு திருத்தம். விளிம்பில் சாய்வாக எழும் காற்றை எச் வடிவ டேரியஸ் வகை ஓரளவு தாங்கும். சில கோணங்களில் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். கிடைமட்ட அச்சு விசிறியால் அது முடியாது. திசை மாறும்போது திரும்பவும் வேண்டியதில்லை. நடுக்கூரையை விட்டு கிழக்கு விளிம்பில் வைத்தால் கலங்கலின் உயரமும் அங்கே குறைவு.

கூரைக்காற்று:

சரிதான், கடற்காற்று நேரத்துக்கு மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும், பிற்பகலில்தான் கடல் பக்கம் திரும்பும். மேற்குக் காற்றுக்கு உங்கள் கிழக்கு விளிம்பு கட்டடத்தின் நிழலில் வந்துவிடும். முப்பந்தலும் பாலக்காட்டுக் கணவாயும் மின்சாரம் கொட்டுகிற அதே மாதங்களில் உங்களுக்குப் பாதி நாள் போகும்.

செங்குத்து அச்சு கலங்கலை 'விரும்பும்' என்று விற்பனைத்தாளில் எழுதுகிறார்கள். திரும்பத் தேவையில்லை என்பது மட்டும்தான் உண்மை. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை காற்றை நோக்கியும் ஒருமுறை காற்றோடும் போகிறது. விசை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் புரள்கிறது. அதோடு கலங்கலும் சேர்ந்தால் இறக்கையைக் கையோடு இணைக்கும் இடத்தில் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப வளைவதால் வருவது). உடைந்த இவ்வகை ஆலைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த இணைப்புதான்.

கட்டமைப்பு_மணி:

தளம் தாங்குமா என்ற கேள்விக்கு. 650 கிலோ எடை பிரச்சினையே இல்லை. உங்கள் தண்ணீர்த் தொட்டி அதைவிடப் பல மடங்கு. பிரச்சினை கவிழ்க்கும் விசை.

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 875 பகுதி 3படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் 50 மீ/வி. உங்கள் உயரத்துக்குத் திருத்தினால் சுமார் 56. அழுத்தம் 0.6 × 56 × 56 = சதுர மீட்டருக்கு 1,880 நியூட்டன். சுழலியை நிறுத்தி வைத்திருந்தாலும் இறக்கை, கை, நடுத்தண்டு சேர்ந்து 3 சதுர மீட்டர் காட்டும் என்று வையுங்கள். இழுவைக் கெழு 1.2. விசை 6.8 கிலோநியூட்டன், தளத்துக்கு 8 மீட்டர் மேலே. கம்பத்தின் மேல் படுவதையும் சேர்த்தால் அடியில் திருப்புவிசை சுமார் 59 கிலோநியூட்டன் மீட்டர். அடித்தட்டில் போல்ட்டுகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்றால், இழுபடும் பக்கத்து இரண்டு போல்ட்டும் தலா 5 டன் அளவுக்கு மேல்நோக்கி இழுக்கப்படும்.

15 சென்டிமீட்டர் தளத்தில் துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் (பசையால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்) அடித்து இதைத் தாங்கவைக்க முடியாது. கூம்பாகக் கான்கிரீட் பெயர்ந்து வரும். தூண்களின் தலைக்கு மேல் கம்பி பிணைத்து கான்கிரீட் பீடம் எழுப்பி, மூன்று அல்லது நான்கு தூண்களை எஃகு பீம் சட்டத்தால் இணைத்து, அதன் மேல்தான் கம்பம். பீடம் போட வெதரிங் கோர்ஸையும் (தளத்தின் மேலுள்ள காப்பு அடுக்கு) தட்டோட்டையும் வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் பீடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வரை நீர்த்தடுப்புப் பூச்சை மேலே ஏற்றி முடிக்காவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே 12வது மாடியில் ஒழுகும். விலைப்புள்ளியில் "நிறுவுவதோடு சேர்த்து" என்பதில் இந்தச் சட்டமும் பீடமும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

அதிர்வு பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தச் சுழலி 8 மீ/வி காற்றில் நிமிடத்துக்கு சுமார் 125 சுற்று போகும். மூன்று இறக்கை, ஆகவே நொடிக்கு ஆறு துடிப்புக்கு மேல். வீட்டுக் கான்கிரீட் தளங்களின் இயல்பு அதிர்வெண்ணும் அதே வட்டாரத்தில்தான் இருக்கும். இரண்டும் பொருந்திவிட்டால் 12வது மாடி படுக்கையறையில் நடுக்கம் தெரியும். காதைப் பொத்தினாலும் தலையணை வழியாக உணர்கிற வகை. ரப்பர் பட்டை போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இவ்வளவு குறைந்த அதிர்வெண்ணுக்கு மெல்லிய ரப்பர் பட்டை எதுவும் செய்யாது. அதற்குரிய மென்மையான சுருள்வில் தாங்கிகளை வைத்தால் 6 மீட்டர் உயரக் கம்பம் ஆடும்.

சங்கச்செயலர்_ஓஎம்ஆர்:

நன்றி. கணக்கு தெளிவாக இருக்கிறது. விற்பனையாளரிடம் 5.5 எந்த உயரத்துக்கு என்று கேட்டேன், 100 மீட்டர் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் லண்டன், பஹ்ரைன், டொராண்டோவில் எல்லாம் நகரத்துக்குள்ளேயே ஓடுகிறதே என்று படம் அனுப்பியிருக்கிறார். புயல் விஷயமும் சொல்லுங்கள்.

காற்றுக்கணக்கு:

அந்த மூன்றும் மூன்று வேறு கதைகள்.

பஹ்ரைன் உலக வர்த்தக மையம், 2008. 240 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம், நடுவில் பாலங்கள், பாலங்களில் தலா 225 கிலோவாட், 29 மீட்டர் விட்ட ஆலைகள் மூன்று. கோபுரங்களின் பாய்மர வடிவமே கடற்காற்றை நடுவில் குவிக்கத்தான். கட்டடத்தையே காற்றாலைக்காக வரைந்தார்கள். மின் தேவையில் 11 முதல் 15 விழுக்காடு என்பது வடிவமைப்பு இலக்கு. கட்டி முடித்த குடியிருப்புக்கு அதைக் காட்டுவது நியாயமில்லை.

லண்டன் ஸ்ட்ராட்டா கட்டடம், 2010. 148 மீட்டர் உச்சியில் 19 கிலோவாட் ஆலைகள் மூன்று, கட்டடத்தின் தேவையில் 8 விழுக்காடு தரும் என்றார்கள். அவை சுற்றுவதைப் பார்ப்பதே அரிது என்று பெயர் வாங்கிவிட்டன. குடியிருப்போரின் சத்தப் புகாரும் உண்டு.

டொராண்டோ ஏரிக்கரை ஆலை, 2002 டிசம்பரில் நிறுவியது, வேறு இனம். கட்டடத்தின் மேல் இல்லை. திறந்த ஏரியைப் பார்த்த கண்காட்சித் திடலில், தரையில் தனிக்கோபுரம், விட்டம் சுமார் 50 மீட்டர், 750 கிலோவாட் வகை. அது மறைக்கும் பரப்பு 2,000 சதுர மீட்டர், உங்களுடையது 12. நகரத்துக்குள் காற்றாலை என்றால் இந்த வழிதான் அர்த்தமுள்ளது: உயரமாக, பெரிதாக, ஒரு பக்கமாவது தண்ணீர் அல்லது வெட்டவெளி.

கூரை ஆலைகளுக்குப் பிரிட்டனில் நடந்த வாரிக் சோதனையைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். 2007, 2008இல் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் 26 ஆலைகளை அளந்தார்கள். பெயர்ப்பலகைத் திறனில் சராசரியாகக் கிடைத்தது 0.85 விழுக்காடு, அணைத்து வைத்திருந்த நேரத்தைக் கழித்தாலும் 4.15. உயரமான அடுக்குமாடிகளின் மேல் இருந்தவை நன்றாகத்தான் உற்பத்தி செய்தன, ஆனால் சத்தம் தாங்காமல் குடியிருப்போர் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உங்கள் விற்பனையாளர் வாக்களிக்கும் 9,000 யூனிட் என்பது 20 விழுக்காட்டுக்கு மேல்.

மின்பலகை:

புயலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பெரிய கவலை.

சூரியத் தகட்டைக் கழற்றிவிட்டால் சும்மா கிடக்கும். காற்றாலையை மின் இணைப்பிலிருந்து கழற்றிவிட்டால் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். மின்சுமைதான் அதைப் பிடித்து வைக்கும் கடிவாளம். மின்வாரிய இணைப்பு போனதும் இன்வர்ட்டர் விதிப்படி நொடிகளில் துண்டித்துக்கொள்ளும், லைனில் வேலை செய்பவர் உயிருக்காக. அந்த நொடியே சுழலிக்குச் சுமை போய்விடும், வேகம் எகிறும். 2016 டிசம்பர் 12 வர்தா போன்ற நாளில் என்ன நடக்கும்? காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் கரண்ட் போகும். கடிவாளம் மிகவும் தேவைப்படும் நேரமும் அது அறுந்துபோகும் நேரமும் ஒன்றே. எனவே கேட்க வேண்டியவை:

மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக எரித்துவிடும் வீண்சுமை மின்தடை (டம்ப் லோடு) இருக்கிறதா, அதன் அளவு என்ன? ஆலையின் உச்சத்திறனைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். மழை படாத, காற்றோட்டமுள்ள கூண்டில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல். அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்வாரிய மின்சாரத்தை நம்பாமல் தனி பேட்டரியில் ஓட வேண்டும்.

மூன்று ஃபேஸையும் குறுக்கே இணைத்து நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதைப் புயலுக்கு முதல் நாளே, காற்று மெதுவாக இருக்கும்போது போட வேண்டும். முழு வேகத்தில் சுற்றும்போது போட்டால் சுருள் கருகும், இல்லை நிற்காமலே போகும். இதோடு தனியாக இயந்திர பிரேக்கும் வேண்டும். ஒரே ஒரு நிறுத்தும் வழி உள்ள ஆலையை ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஏற்றக் கூடாது.

கம்பம் அடியில் கீல் வைத்து, வின்ச் கொண்டு சாய்க்கும் வகையா? கட்டமைப்பு_மணி சொன்ன 59 கிலோநியூட்டன் மீட்டரைத் தவிர்க்க ஒரே வழி, எச்சரிக்கை வந்ததும் சாய்த்துக் கட்டிவிடுவது. சாய்க்க 10 மீட்டர் இடம் கூரையில் காலியாக இருக்க வேண்டும், சாய்க்கத் தெரிந்த ஆள் சங்கத்தில் இருக்க வேண்டும்.

இடிதாங்கியும் மறு கணக்கு. கம்பம் கட்டடத்தின் மிக உயரமான புள்ளி ஆகிவிடுவதால் பழைய இடிதாங்கி அதைக் காப்பாற்றாது. சுழலும் பேரிங் வழியாக மின்னல் இறங்கினால் பேரிங் பொத்துப்போகும். கடலுக்கு 3 கிலோமீட்டர் என்பதால் எல்லா எஃகும் சூடான துத்தநாகத்தில் தோய்த்ததாகவும், போல்ட் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். அலுமினிய இறக்கைக் கையில் சாதாரண போல்ட் போட்டால் உப்புக்காற்றில் அரித்துத் தின்றுவிடும்.

கட்டமைப்பு_மணி:

அனுமதி பற்றி ஒரு வரி. 50 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வண்ணக் குறியீட்டு உயர வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு எவ்வளவு அனுமதி என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

சங்கச்செயலர்_ஓஎம்ஆர்:

அப்படியானால் இந்தப் பணத்தில் சூரியத் தகடுகள் போடுவதே சரியா? கூரையில் தொட்டி, லிஃப்ட் ரூம் போக 3,000 சதுர அடி காலி இருக்கிறது. சில உறுப்பினர்கள் இன்னும் காற்றாலையை விடுவதாக இல்லை.

மின்பலகை:

சென்னையில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட். 10 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 14,000க்கு மேல், 1,000 சதுர அடியில். 6.5 லட்சத்துக்குள் அது அடங்கும். குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. காற்றாலைக்கு அதில் இடமில்லை. உங்கள் மோட்டார்களைப் பகல் 10 முதல் 3 வரை ஓடும்படி டைமர் வைத்துவிட்டால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். 3,000 சதுர அடி இருப்பதால் பின்னால் கூட்டிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கட்டமைப்பு_மணி சொன்ன காற்றழுத்தம் தகடுகளுக்கும் பொருந்தும். சட்டத்தைத் தளத்தில் வெறும் திருகால் பிடிக்காமல் கான்கிரீட் பாரக்கட்டை வைத்து, விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி அமைக்கச் சொல்லுங்கள்.

கூரைக்காற்று:

விடாத உறுப்பினர்களுக்கு: காற்றாலை வாங்கும் முன் காற்றை அளக்கச் சொல்லுங்கள். கிண்ண வேகமானி ஒன்று, திசைகாட்டி ஒன்று, பதிவுக்கருவி ஒன்று. கம்பத்தில் 8 மீட்டரில், குறுக்குக் கையின் முனையில், கம்பத்தின் விட்டத்தைப் போல ஏழு மடங்காவது தள்ளி. நொடிக்கு ஒரு அளவு, பத்து நிமிடச் சராசரி, அதோடு அந்தப் பத்து நிமிடத்தின் திட்ட விலக்கம். விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கலங்கல் அளவு கிடைக்கும். சிறு காற்றாலைகளுக்கான ஐ.இ.சி. 61400-2 என்ற சர்வதேசத் தரம் 15 மீ/வி காற்றில் 18 விழுக்காட்டை வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. உங்கள் கூரையில் அதைத் தாண்டினால் விற்பனையாளரின் சான்றிதழ் அந்த இடத்துக்குப் பொருந்தாது.

விற்பனையாளரிடம் ஐ.இ.சி. 61400-12-1 முறையில் வெட்டவெளியில் அளந்த திறன் வளைவைக் (எந்த வேகத்தில் எத்தனை வாட் என்ற வரைபடம்) கேளுங்கள், வடிவமைப்பு வளைவு வேண்டாம். உங்கள் பத்து நிமிட எண்களை அதில் போட்டால் யூனிட் தானாக வந்துவிடும். கருவியை மார்ச்சுக்குள் ஏற்றினால் கோடைக் கடற்காற்று, தென்மேற்கு, வடகிழக்கு மூன்றும் ஒரே ஓட்டத்தில் பதிவாகும். நவம்பரில் ஏற்றினால் முதல் சில மாதத்தின் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஆண்டுக் கணக்குப் போட விடாதீர்கள்.